கடை விளையாட்டுக்குப் பழைய பாணிக் காசுப்பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாலரை வயது மகளுக்கும், இன்னும் இரண்டு வயது நிறையாத மகனுக்கும் கடை விளையாட்டுக்கென்று பழைய பாணிக் காசுப்பெட்டி (கேஷ் ரெஜிஸ்டர்) ஒன்று வாங்க விரும்புகிறீர்கள். உங்கள் அப்பப்பா கொழும்புப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் கடை வைத்திருந்தவர் என்பதால், சுழற்றுகின்ற பிடியும் மணியும் உள்ள பெட்டியாகவே இருக்க வேண்டும் என்ற ஆசையும் உங்களுக்கு உண்டு. மார்கழி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வரும் அண்ணாவிடம் 1950களைச் சேர்ந்த உலோக விளையாட்டுப் பெட்டி ஒன்றைத் தேடிக் கொண்டுவரச் சொல்வதா, புதிய மரப்பெட்டி வாங்குவதா, அல்லது இங்கேயே கிடைக்கும் பேசுகின்ற பிளாஸ்டிக் பெட்டி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் இருபத்திரண்டு ஆண்டுகளாக முன்பள்ளி நடத்துகிறேன். எங்கள் வகுப்பின் கடை மூலையில் ஐந்து காசுப்பெட்டிகள் உழைத்து ஓய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டே பதில் எழுதுகிறேன்.

பற்றரி வேண்டாத, பிடியைச் சுழற்றினால் உண்மையான மணி ஒன்று அடித்து லாச்சி (இழுப்பறை) திறக்கின்ற, பெரிய காசுகள் கொண்ட புதிய பெட்டியை வாங்குங்கள். அது மரமா பிளாஸ்டிக்கா என்பது அதற்கு அடுத்த கேள்வி. 1950களின் உலோகப் பெட்டி கிடைத்தால் அதை வரவேற்பறையில் கண்ணாடி அலுமாரிக்குள் வையுங்கள். பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம். பேசுகின்ற பெட்டியை இந்த வயதுக்கு நான் விரும்புவதில்லை.

காரணத்தைச் சொல்வதற்கு, உண்மையான காசுப்பெட்டி எதற்காகப் பிறந்தது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேய்ட்டன் நகரில் மதுச்சாலை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், தம் ஊழியர்கள் விற்ற காசில் ஒரு பகுதி தம் கைக்கு வந்து சேராததைக் கண்டு கவலைப்பட்டார். ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது, கப்பலின் சுழல்விசிறி எத்தனை தடவை சுழன்றது என்பதை எண்ணிக் காட்டும் கருவியை அங்கே பார்த்தார். ஊர் திரும்பியதும் சகோதரர் ஜோனோடு சேர்ந்து, விற்பனையை அதேபோல எண்ணிக் காட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்து 1879இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1884இல் ஜோன் பற்றர்சன் அந்தத் தொழிலை வாங்கி, நஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்று பெயரிட்டு உலகெங்கும் பரப்பினார். அந்த இயந்திரங்களில் நாம் இன்று அழகு என்று நினைக்கின்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. விலையைக் காட்டும் இலக்கத் தகடு மேலே எழுந்து நின்றது, வாங்குபவரும் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. லாச்சி திறக்கும்போதெல்லாம் மணி அடித்தது, கடையின் பின்புறம் இருக்கும் முதலாளியின் காதில் அது விழ வேண்டும் என்பதற்காக.

நாலு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் அரிது. விலை சொல்லப்பட்டது, மணி அடித்தது, காசு பெட்டிக்குள் போனது என்று விற்பனையின் மூன்று படிகளும் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் தனித்தனியாகத் தெரிகின்றன. நம்முடைய பிள்ளைகள் இன்று காசு கைமாறுவதை அரிதாகவே காண்கிறார்கள். சுப்பர் மார்க்கட்டில் அம்மா அட்டையைத் தொடுகிறார், அல்லது தொலைபேசியை ஒரு சதுரப் படத்தின் முன் பிடிக்கிறார், பை நிறையச் சாமான் வந்துவிடுகிறது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை, கடைக்குப் போனால் பொருள்கள் எல்லாம் சும்மாதான் தருவார்கள் என்று உறுதியாகச் சொன்னது. கைகளால் இயக்கப்படும் பழைய பெட்டி, மறைந்துபோன அந்த நடுப்பகுதியை மறுபடி வெளியே கொண்டுவந்து வைக்கிறது.

பேசுகின்ற பெட்டியில் இதற்கு நேர்மாறானது நடப்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு முறை அன்பளிப்பாக வந்த பெட்டி ஒன்றை வகுப்பில் வைத்தோம். பொருளை அதன் முன் காட்டினால் கீச்சிடும். விலையை அமெரிக்கக் குரலில் டொலரில் சொல்லும், கூட்டுத்தொகையையும் அதுவே சொல்லும். பிள்ளைகள் முறை வைத்து அதன் பொத்தான்களை அழுத்தினார்கள். ஆனால் ஒருவரோடொருவர் பேசவில்லை. மூன்றாம் வாரத்தில் பற்றரி தீர்ந்தது, நான் வேண்டுமென்றே மாற்றாமல் விட்டேன். அதன் பிறகுதான் ஒரு பிள்ளை, "பருப்பு இருபது ரூபா, பாண் நூறு ரூபா, வேறென்ன வேணும்?" என்று கேட்கத் தொடங்கியது. அதுவரை பெட்டி பேசிக்கொண்டிருந்ததால் பிள்ளைக்குப் பேச இடம் இருக்கவில்லை. ஆகவே எந்தப் பெட்டியைப் பார்த்தாலும், இது எவ்வளவு வேலையைப் பிள்ளைக்கு விட்டுவைக்கிறது என்று முதலில் பாருங்கள். உண்மையான கணிப்பான் பொருத்திய பெட்டிகளும் உள்ளன. அவை ஆறேழு வயதில், தான் போட்ட கணக்கைச் சரிபார்க்க விரும்பும் பிள்ளைக்கு நல்லவை. நாலரை வயதுக்கு அவசரமில்லை.

இனிப் பெட்டியின் உறுப்புகளுக்கு வருவோம். என் அனுபவத்தில் ஒரு காசுப்பெட்டி நிலைப்பதும் கெடுவதும் லாச்சியால்தான். பிள்ளைகள் ஒரு நாளில் அதை நூறு தடவைக்குமேல் திறந்து மூடுவார்கள், அதிலும் பாதி தடவை சறுக்கிக் கோணலாகத் தள்ளுவார்கள். எனவே வாங்குமுன் லாச்சியைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள், ஒரு மூலையில் மட்டும் விரலை வைத்துத் தள்ளியும் பாருங்கள். நேராக உள்ளே போனால் அதன் தண்டவாளம் நன்றாகச் செய்யப்பட்டது என்று கொள்ளலாம். சிக்கி நின்றால், வீட்டில் அது இரண்டு மாதம்கூடத் தாங்காது. ஸ்பிரிங் விசையும் முக்கியமானது. லாச்சி திறக்கும்போது ஐந்தாறு சென்றிமீற்றர் வந்து நிற்க வேண்டும், பாய்ந்து வெளியே வரக்கூடாது. முன்னால் நிற்கும் உங்கள் மகனின் முகம் அந்த லாச்சியின் உயரத்திலேயே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். முழுவதும் கழன்று விழாதபடி பின்னால் ஒரு தடுப்பு இருக்க வேண்டும். மூடும்போது விரல் நசுங்குமா என்பதைப் பென்சில் ஒன்றை இடையில் வைத்துப் பார்க்கலாம். பென்சிலில் பள்ளம் விழுந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

லாச்சியின் உள்ளே குறைந்தது மூன்று அறைகளாவது இருப்பது நல்லது. ஒரே குழியாக இருந்தால் எல்லாம் கலந்து கிடக்கும். அறைகள் இருந்தால், யாரும் சொல்லாமலே பிள்ளை காசுகளை அளவுவாரியாகவும் நிறவாரியாகவும் பிரித்து வைக்கத் தொடங்கிவிடும். எங்கள் வகுப்பில் சில பிள்ளைகள் விற்பனையைவிட இந்த அடுக்கும் வேலையிலேயே அதிக நேரம் செலவிட்டார்கள், அதை நான் ஒருபோதும் இடைநிறுத்தியதில்லை. எண்ணும் திறன் வளர அந்த அடுக்கலும் உதவுகிறது. ஒன்று முதல் இருபது வரை பாட்டாகச் சொல்லும் பிள்ளையிடம் நாலு காசு எடுத்துத் தரும்படி கேட்டால் ஒரு கைப்பிடியை அள்ளித் தரும். நாலு என்று சொல்லி முடிக்கும்போது கையில் உள்ள அனைத்தும் சேர்ந்தே நாலு என்பது பின்னர்தான் புரிகிறது. லாச்சியின் சிறு அறை இதற்கு நல்ல பயிற்சிக்களம்.

மணி உலோகக் கிண்ணமாகவும், அதைச் சிறு சுத்தியல் ஒன்று தட்டுவதாகவும் இருக்க வேண்டும். ஒருமுறை பிடியைச் சுழற்றினால் ஒருமுறை மட்டும் அடிக்கின்ற மணி, தான் செய்த செயலுக்கும் எழுந்த ஒலிக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைக்குக் காட்டுகிறது. உங்கள் காதருகே வைத்து அடித்துப் பாருங்கள். உங்களுக்குக் கூசினால் பிள்ளைக்கு அது மிகவும் அதிகம். மாடிவீட்டில் இருப்பவர்கள் கிண்ணத்தின் உட்புறம் சிறு துணித்துண்டு ஒன்றை ஒட்டினால் ஒலி மென்மையாகிவிடும்.

விசைகள் ஆழமாக இறங்கி எழ வேண்டும். அழுத்தியதும் மேலே இலக்கத் தகடு எழும் பெட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். பெரும்பாலான பெட்டிகளில் வெளிநாட்டுச் சதங்களே அச்சிடப்பட்டிருக்கும். நம் கடைகளில் சதம் வழக்கொழிந்துவிட்ட நிலையில் அந்த இலக்கங்கள் பிள்ளையைக் குழப்பவே செய்யும். 10, 20, 50, 100 என்று வெள்ளை ஒட்டுத்தாளில் எழுதி விசைகளின்மேல் ஒட்டிவிடுங்கள். தம்பிக்காக ஒவ்வொன்றிலும் ஒரு நிறப்பொட்டும் வையுங்கள்.

பழைய பாணி என்று பேசும்போது 1974இல் ஃபிஷர்-பிரைஸ் என்ற அமெரிக்க விளையாட்டுப் பொருள் நிறுவனம் வெளியிட்ட பெட்டியைக் குறிப்பிடாமல் போக முடியாது. மூன்று நிறங்களில் பெரிய பிளாஸ்டிக் காசுகள், அவற்றை இடும் துளைகள், பக்கத்துப் பிடியைச் சுழற்ற லாச்சி திறந்து மணி அடிக்கும் அமைப்பு என்று, நான் இதுவரை சொன்ன பெரும்பாலானவை அதில் உண்டு. பற்றரி வேண்டியதில்லை. அதே வடிவத்தை பேசிக் ஃபன் என்ற நிறுவனம் உரிமம் பெற்று மறுபடி செய்து விற்கிறது. உங்கள் அண்ணா தேடுவதானால் அந்தப் புதிய தயாரிப்பையே தேடட்டும். ஐம்பது ஆண்டுப் பழைய அசலைத் தேட வேண்டியதில்லை.

1950களின் உலோகப் பெட்டியை நான் ஏன் மறுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில்தான் உங்கள் மனம் இருக்கிறது என்று தெரிகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஜக்சன் நகரில் செய்யப்பட்ட ரொம் தம் பெட்டிகள் போன்றவை தகட்டை அழுத்தி வளைத்துச் செய்தவை, பார்க்க மிக அழகானவை. ஆனால் அமெரிக்கா விளையாட்டுப் பொருள்களின் வர்ணத்தில் ஈயத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது 1978இல்தான். 2009இல் அந்த வரம்பு பத்து இலட்சத்தில் 90 பங்கு என்ற அளவுக்கு மேலும் குறைக்கப்பட்டது. 1950களின் பெட்டி இவை இரண்டுக்கும் முந்தியது. அதன் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. உதிரும் வர்ணம் விரலில் ஒட்டும், உங்கள் மகனின் வயதில் விரல் எந்நேரமும் வாயில்தான் இருக்கும். ஈயம் சிறு பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், பாதித்தபின் அதை மீட்டெடுக்க முடியாது. பழைய வர்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். சுரண்டும்போது எழும் தூள் வீடெங்கும் பரவி இன்னும் பெரிய ஆபத்தாகும் என்பதால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தகட்டின் கூரிய ஓரங்களும் துருவும் வேறு இருக்கின்றன.

மரப்பெட்டியைப் பற்றி, கொழும்பில் இருப்பவர்களுக்கென்று தனியே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளிர்நாடுகளில் உலர்ந்த வீடுகளுக்காகச் செய்யப்படும் மர லாச்சிகள் இங்கே வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். எங்களிடம் இருந்த மிக அழகிய பெட்டி ஒன்று முதல் மழையிலேயே லாச்சி இறுகி, புரட்டாதிவரை திறக்க மறுத்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையானால் ஓரங்கள் புடைத்து வர்ணம் பிளந்துவிடும், பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பாது. ஒட்டுப்பலகையோ முழு மரமோ அதைவிட நன்றாகத் தாங்கும். லாச்சியின் இருபுறமும் ஒரு மில்லிமீற்றரளவு இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள், மெழுகுதிரியை அதன் அடியிலும் தண்டவாளத்திலும் தேய்த்து வையுங்கள். வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளில் கடற்காற்று வேறு இருப்பதால் ஸ்பிரிங்கும் ஆணிகளும் விரைவில் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, மணியின் சுத்தியல் அச்சில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். அடித்தட்டு பசையால் ஒட்டாமல் திருகாணியால் பூட்டப்பட்டிருந்தால் இந்த வேலை எளிது. மரமோ பிளாஸ்டிக்கோ, பிடியைச் சுழற்றும்போது பெட்டி மேசையில் நகராதபடி அடியில் இறப்பர்ப் பாதங்களும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பிளாஸ்டிக் பெட்டிக்கு மட்டும் ஈரத்துணி ஒன்றை மடித்து அடியில் வைக்கலாம்.

இனிக் காசுகள். உங்கள் வீட்டில் மிகுந்த கவனம் வேண்டியது இங்கேதான். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான சிறு உறுப்புச் சோதனையில் பயன்படும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுதாக அடங்குகின்ற எதுவும் மூச்சடைப்பு ஆபத்து உள்ளது என்று கொள்ளப்படும். நம்முடைய பத்து ரூபா நாணயம்கூட அதற்குள் அடங்கிவிடும் என்பதால், உண்மையான நாணயங்களை இந்த விளையாட்டில் சேர்க்கவே வேண்டாம். வீட்டில் சோதிக்க, கழிப்பறைக் காகிதச் சுருள் தீர்ந்தபின் எஞ்சும் அட்டைக் குழாய் போதும். அதன் விட்டம் சோதனைக் குழாயைவிடச் சற்றுப் பெரியது. அதனூடாக விழாத காசையே மகனுக்கு எட்டும் இடத்தில் விடுங்கள். பெட்டியுடன் சிறு காசுகள் வந்தால் எடுத்து வைத்துவிட்டு, தடித்த அட்டையில் ஐந்து சென்றிமீற்றர் வட்டங்களாக வெட்டிக்கொள்ளலாம். அட்டை வாயில் நனைந்தால் பிய்யும் என்பதால் அடிக்கடி மாற்றிவிடுங்கள்.

பொத்தான் பற்றரியைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் காரணத்துக்காகவேனும் ஒலியெழுப்பும் பெட்டியை வாங்க நேர்ந்தால், பற்றரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருப்பது கட்டாயம். விழுங்கிய பொத்தான் பற்றரி உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை எரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

பெட்டியின் அட்டையில் உள்ள குறிகளில், சிவப்பு வட்டத்துக்குள் 0-3 என்று எழுதிக் குறுக்குக்கோடு போட்ட குழந்தை முகத்தை நம்பி நடந்துகொள்ளுங்கள்: மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அது ஏற்றதல்ல என்பதே அதன் பொருள். மகளின் வயதுக்குத்தானே வாங்குகிறோம் என்று அதை விட்டுவிட வேண்டாம். சிஇ (CE) என்ற எழுத்துகள், பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குகிறது என்று பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே செய்யும் அறிவிப்பு. ஈஎன் 71 (EN 71, ஐரோப்பியத் தரம்) அல்லது ஏஎஸ்டிஎம் எஃப் 963 (ASTM F963, அமெரிக்கத் தரம்) என்று விளையாட்டுப் பொருள் பாதுகாப்புத் தரத்தின் எண்ணும், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருந்தால் நம்பிக்கை சற்றுக் கூடும். புறக்கோட்டையில் அட்டையே இல்லாமல் பொலித்தீன் பையில் விற்கப்படும் பெட்டிகளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.

தாள் காசை நீங்களே செய்துகொள்ளலாம். உண்மையான தாளை நிறப்பிரதி எடுக்க வேண்டாம், நாணயத்தாளைப் பிரதி செய்வது சட்டப்படி தடுக்கப்பட்டது. நிறத்தாளே போதும்: நூறுக்குச் செம்மஞ்சள், ஐந்நூறுக்கு ஊதா, ஆயிரத்துக்குப் பச்சை. இலக்கம் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் தாளை நிறத்தால் அறிந்துகொள்ளும். தொடக்கத்தில் ஒரு பொருளுக்கு ஒரு காசு என்ற கணக்கே போதும். மிச்சக் காசு கொடுப்பதை உங்கள் மகள் விரைவில் தொடங்குவார், ஆனால் அதைக் கடைக்காரர் கட்டாயம் செய்யும் ஒரு சடங்காகவே நினைப்பார். ஒரு காசு வாங்கிக்கொண்டு மூன்று காசு திருப்பிக் கொடுப்பார். திருத்தாதீர்கள். ஒருநாள் லாச்சி வெறுமையாகிக் கடையில் காசு இல்லாமல் போகும். அன்று அவர் கேட்கும் கேள்விதான் கணக்குப் பாடம் தொடங்கும் இடம்.

தம்பிக்குத் தொடக்கத்தில் பிடியைச் சுழற்றும் வேலையைக் கொடுங்கள். விலை சொல்வது அக்கா, மணி அடிப்பது தம்பி என்று பிரித்துவிட்டால் பெட்டிக்கான சண்டை பாதி குறையும்.

அண்ணா வருவதற்கு நாள் இருப்பதால், அதுவரை வெறும் பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் சைக்கிள் மணியைப் பூட்டிக் கொடுத்துப் பாருங்கள். ஓரங்களை மட்டும் தடித்த ஒட்டுநாடாவால் மூடிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலும் அந்த டின்னை வைத்தே கடை நடந்தால், வாங்கப்போகும் பெட்டி வீணாகாது என்று நம்பலாம். அண்ணாவிடம், கடையிலேயே லாச்சி திறந்து மூடுவதைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மணியின் ஒலியும் லாச்சி நிற்கும் தூரமும் அதிலேயே தெரிந்துவிடும். பயணப்பெட்டியில் வைக்கும்போது லாச்சிக்குள் காலுறைகளைத் திணித்து, ஒட்டுநாடாவால் மூடி, பிடியைச் சுற்றித் துவாய் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வரட்டும். எங்களுக்கு வந்த ஐந்தில் இரண்டு பெட்டிகளுக்குப் பிடி வழியிலேயே முறிந்திருந்தது.